சின்ன அ

"வெறும் வயிறுதானே?" என்றேன், வழக்கம்போல்.
"பதினாறு நாளாய்" என்று சிரித்தான்
தானியேல் லச்சுமனேன்.
மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.
கறி இல்லை, மீன் இல்லை, ரம் இல்லை,
படுக்கை கோயில் கூடத்தில்.
ஞாயிறு தீமிதி.
அதற்குள் ரத்தம் கொடுத்துவிட்டால்
தாள் நன்றாக வரும் என்று கணக்கு.
பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் படிக்கிற
பையனின் கணக்கு.

தேடாமல் கிடைத்தது நரம்பு.
கரும்பு லாரி ஓட்டுகிற கை.
இந்தத் தீவில் அந்த லாரிக்குத் திமிங்கலம் என்று பெயர்,
அறுவடை மாதங்களில் சேன்தாந்த்ரே சாலையெங்கும்
தோகை உதிர்த்தபடி நீந்தும்.

அப்பாவும் திமிங்கலம் ஓட்டியவர்தானாம்.
நாற்பத்தாறு வயதில்
எடைமேடை ஏறி நிறுத்தினார்.
பதினான்கு டன் என்று சீட்டு வந்தது.
வாங்கக் கை வரவில்லை.
பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.
"தீயே சுடாத கால் அவருக்கு" என்கிறான்,
அதுதான் இன்னும் புரியவில்லை என்பதுபோல.

நான் காரைக்காலில் பிறந்தவள்.
குழாயில் ஒட்ட அவன் பெயரை அச்சிடும்போதெல்லாம்
என்றோ ஒரு குமாஸ்தா
லட்சுமணனின் கடைசி எழுத்தை
மூக்குக்குள் தள்ளிவிட்டது தெரியும்.
அவனுக்குத் தமிழ் தெரியாது.
பூசாரி சொல்வதைப் பின்னாலேயே சொல்வான்,
பொருள் கேட்கமாட்டான்.

சுழலியில் பத்து நிமிடம்.
சிவப்பு அடியில் இறங்க, மேலே
வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது.
போன வருடம் பால் ஊற்றியதுபோல் கலங்கிய ரத்தம்.
மூன்று வரிகள் நோன்புக்குப் பணிந்திருந்தன.

நாலாவது பணியவில்லை.
மருத்துவர் இம்முறை புதிதாகச் சேர்த்தது:
லைப்போபுரோட்டீன், பக்கத்தில்
வளைவுக்குள் ஒரு குட்டி எழுத்து.
சின்ன ஆ என்பார்கள் இங்கே.
எழுபத்தைந்துக்குள் இருந்தால் நிம்மதி.
இருநூற்றுப் பதினெட்டு.

கறியை விட்டால் இது குறையாது.
ஓடினாலும் குறையாது, கரகம் தூக்கினாலும்.
தாயோ தகப்பனோ எழுதிவிட்டது;
வாழ்நாளில் ஒருமுறை படித்தால் போதும் என்பார்கள்.

அன்றிரவு பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது.
நூற்றைம்பது வருடத்தில்
இருநூற்று நாற்பத்தேழில் ஒன்றும்
இவர்கள் நாக்கில் தங்கவில்லை.
ரத்தத்தில் மட்டும்
ஒரு சின்ன அ.

சனிக்கிழமை தாளை வாங்கி
"தேறிட்டேனா?" என்றான்.
டாக்டர் சொல்வார் என்றேன். கோழைத்தனம்தான்.

ஞாயிறு போனேன்.
நெருப்பைக் கடந்து அவன் பால்குழியில் கால் வைத்தபோது
எல்லோரும் பாதத்தைப் பார்த்தார்கள்.
நான் கழுத்தைப் பார்த்தேன்,
தாடைக்குக் கீழே துடிக்கிற இடத்தை.
வியாழனன்று அங்கேதான்
குளிர்ந்த பசை தடவித் தேடினார்கள்.

இடதுபக்கம் ஒரு திட்டு.
மெல்லியது, இன்னும் எதையும் அடைக்கவில்லை.
"எனக்கு நாற்பத்தொன்று,
அப்போ அஞ்சு வருஷம்" என்று
அவனே கழித்துப் பார்த்தானாம்.
மருத்துவர் அந்தக் கழித்தலை அடித்துவிட்டு
மாத்திரை எழுதினார்.
அந்த எழுத்தை இறக்க அல்ல,
அதோடு சேர்ந்து வண்டி ஏறும் மற்றதை இறக்க.

அடுத்த திங்கள், ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால்
வாசலில் ஒரு திமிங்கலம்,
பாதி சாலையை அடைத்துக்கொண்டு.
உள்ளிருந்து இரண்டு தம்பிகள், ஒரு அக்கா,
பள்ளிக்கூடப் பையோடு அவன் மகள் ஓரியான்,
ஊசியைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்க்கிறவள்.
கடைசித் தம்பி தயங்கினான்:
"நோன்பு முடிஞ்சுதே என்று நேற்று ராத்திரி
ஆட்டுக்கறி மசாலா. நிறைய."

பரவாயில்லை, சட்டைக் கையை மடி என்றேன்.
இந்த எழுத்துக்கு
வயிறு எப்படி இருந்தாலும் ஒன்றுதான்.